கழுவெளிக்கு வெள்ளைச் சட்டையில போகாதீங்க! வாத்தின் கண் சொல்லும் டிரஸ் பாடம்

கழுவெளிக்குப் பறவை பார்க்கக் கிளம்புறவங்க வழக்கமா மூணு விஷயத்தைச் சரிபார்ப்பாங்க. கேமரா பேட்டரி, பைனாகுலர், தண்ணி பாட்டில். நாலாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் யோசிக்கிறதில்லை. போட்டிருக்கிற சட்டை.

கரையில் கால் வைத்ததுமே அரை ஃபர்லாங்குக்கு அப்பால் இருக்கும் வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறந்துவிடும். 'நாம சத்தமே போடலையே, எப்படித் தெரிஞ்சுது?' என்று நிற்போம். காது கேட்டுப் பறக்கவில்லை, கண்ணால் பார்த்துப் பறந்திருக்கிறது. வாத்தின் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எந்த டிரஸ் போடலாம், எங்கே உட்காரலாம், எப்போது நகரலாம் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இந்த விஷயத்தை முதலில் கற்றவர்கள் பறவை ஆர்வலர்கள் அல்ல, வேட்டைக்காரர்கள். துப்பாக்கிக்காகச் சேர்த்த அந்த அறிவு இன்றைக்கு பைனாகுலருக்கும் கேமராவுக்கும் பயன்படுகிறது.

முதல்ல, கழுவெளி எங்கே இருக்கு?

விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் திண்டிவனம் வந்து, அங்கிருந்து கிழக்கே மரக்காணம் ரோட்டைப் பிடிக்கலாம். வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் உவர்நீர்ச் சதுப்பு நிலம்தான் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. வடகிழக்குப் பருவமழை நிரப்பும் நன்னீரும், மரக்காணம் பக்கத்து எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக ஏறும் கடல் நீரும் இங்கே கலக்கின்றன. கோடையில் பெரும்பகுதி வறண்டு வெடிப்பு விட்டுவிடும்.

2021 டிசம்பரில் சுமார் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகி என்று வடக்கிலிருந்து வலசை வரும் கூட்டம் இங்கே இறங்கும். புள்ளிமூக்கு வாத்து போன்ற உள்ளூர் வாசிகளும் உண்டு.

தலையைத் திருப்பாமலே முதுகைப் பார்க்கும் கண்

நமக்குக் கண் முகத்தின் முன்னால் இருக்கிறது. நேராகப் பார்த்தபடி நின்றால், பக்கவாட்டில் ஏறக்குறைய 180-லிருந்து 200 டிகிரி வரை தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் தெரியாது.

வாத்துக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும், கொஞ்சம் மேல்நோக்கியும் இருக்கிறது. காட்டு வாத்தின் பார்வைப் பரப்பை 1980-களில் கிரஹாம் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அளந்தார். தலையைத் திருப்பாமலே சுற்றிலும் 360 டிகிரியும், தலைக்கு மேலே உள்ள வானமும் அதற்குத் தெரியும் என்பது அதில் தெரிந்தது. அதாவது, வாத்துக்கு 'பின்பக்கம்' என்று ஒன்று கிடையாது. 'பின்னாடி போய்ப் பதுங்கலாம்' என்ற மனிதத் தந்திரம் அதனிடம் செல்லுபடியாகாது.

இப்படி ஒரு கண் எதற்கு? சாப்பாடு தேடும் விதம்தான் காரணம். சேற்றுத் தண்ணீரில் அலகை விட்டு அளைந்து, தொட்டு உணர்ந்து, வடிகட்டிச் சாப்பிடுகிற வாத்துக்கு அலகு நுனியைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதனால் கண் முழுக்கக் காவல் வேலைக்கு வந்துவிட்டது. மேலே வட்டமிடும் பூனைப்பருந்தை, அலகு தண்ணீரில் இருக்கும்போதே கவனிக்க முடிகிறது.

எல்லா வாத்தும் ஒன்றல்ல. அகன்ற கரண்டி அலகு கொண்ட ஆண்டி வாத்து வடிகட்டிச் சாப்பிடும் ரகம். அதற்குச் சுற்றிலும் முழுப் பார்வை. நெற்றியில் நாமம் போட்டதுபோல வெளிர் பட்டை கொண்ட நாமத்தலை வாத்து புல் மேயும் ரகம். எந்தப் புல்லைக் கொத்துகிறோம் என்று பார்க்க வேண்டியதால் அதன் பார்வை சற்று முன்னோக்கி இருக்கிறது. அந்த லாபத்துக்கு விலையாக, தலைக்குப் பின்னால் ஒரு சின்ன இருட்டுப் பகுதி விழுந்துவிட்டது. இதனால்தான் மேயும்போது அது அடிக்கடி தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறது. ஓர் ஏரியில் எந்தப் பறவை அதிகம் தலை நிமிர்த்துகிறது என்று கவனித்தாலே அதன் கண்ணமைப்பு பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

தூங்கும்போதாவது ஏமாற்றலாமா? அதுவும் கஷ்டம். காட்டு வாத்துகள் வரிசையாகத் தூங்கும்போது ஓரத்தில் இருப்பவை ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடுகின்றன என்று 1999-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. திறந்திருக்கும் கண், கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்த்த கண். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருமோ, அந்தப் பக்கம் காவல்!

வாத்து மேய்க்கிறவர் கையில் இருக்கும் குச்சி

இந்தப் பார்வையின் சக்தியைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம். அறுவடை முடிந்த பிறகு திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வயல்களில் வாத்துப் பட்டி இறங்கும்போது பாருங்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒருவரோ இருவரோ ஓட்டிப்போவார்கள். கையில் நீண்ட குச்சி, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையோ துணியோ கட்டியிருக்கும். வாத்தை அவர் அடிப்பதில்லை. பின்னால் நின்றபடி குச்சியை லேசாக இடப்பக்கம் சாய்த்தால், மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் திரும்பும்.

முன்னால் போகிற வாத்து திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனாலும், பின்னால் ஆடிய பை அதற்குத் தெரிந்துவிட்டது. நம் வீட்டு வாத்துகள் எல்லாம் அந்தக் காட்டு வாத்தின் வாரிசுகள்தான். மஸ்கோவி இனம் மட்டும் விதிவிலக்கு. ஆகவே, ஆய்வாளர் அளந்த கண்ணும் வயலில் குச்சிக்குப் பயப்படுகிற கண்ணும் ஒன்றே.

இப்போது யோசித்துப் பாருங்கள். குச்சி நுனியில் ஆடும் ஒரு பை, பட்டியையே திருப்பும் என்றால், ஏரிக்கரைக் காற்றில் படபடக்கும் துப்பட்டாவும் தோளில் தொங்கும் துண்டும் என்ன செய்யும்?

நமக்கு மூணு, வாத்துக்கு நாலு

நிறம் விஷயத்திலும் வாத்து நம்மை முந்திவிடுகிறது. நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பறவைகளுக்கு நான்கு. நான்காவது வகை, நாம் ஊதா என்று சொல்கிற எல்லையையும் தாண்டி புற ஊதா ஓரம்வரை எட்டிப் பார்க்கிறது. போதாதென்று, ஒவ்வொரு கூம்புச் செல்லுக்குள்ளும் சின்ன எண்ணெய்த் துளி இருக்கிறது. அது ஒரு வடிகட்டிக் கண்ணாடி மாதிரி வேலை செய்து நிறங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

வேட்டை உடையில் உள்ள ஒரு வேடிக்கை இதனால்தான் வந்தது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பளீரென்ற ஆரஞ்சு நிற ஜாக்கெட் போடுவார்கள். பல மாநிலங்களில் அது சட்டப்படிக் கட்டாயம். ஒருவர் குண்டு இன்னொருவர் மேல் பாயக்கூடாது என்பதற்காக. மானுக்கு நிறம் பார்க்கும் கூம்பு இரண்டே வகைதான். சிவப்பைப் பிரித்துக் காட்டும் கூம்பு கிடையாது. அந்த ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால், வாத்து வேட்டைக்குப் போகிறவர் அதே ஜாக்கெட்டைப் போட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வாத்துக்கு ஆரஞ்சு நன்றாகவே தெரியும். அதனால் பல மாநிலங்களில் நீர்ப்பறவை வேட்டைக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

அசைவைப் பிடிப்பதிலும் பறவைக் கண் வேகமானது. வினாடிக்கு 50, 60 முறை மினுக்கும் விளக்கு நமக்கு நிலையாக எரிவதுபோலத் தெரியும். கோழிக்கு 80-ஐத் தாண்டினாலும் அது மினுக்கலாகத்தான் தெரியும். நமக்குக் 'கொஞ்சம் கையை ஆட்டினேன்' என்பது பறவைக்குத் தனித்தனியாகத் தெரிகிற பெரிய அசைவு.

வெள்ளை வேட்டியில் ஒளிந்திருக்கும் விளக்கு

திருவிழா ஆர்கெஸ்ட்ரா மேடையில் ஊதா விளக்கு போடும்போது முன்வரிசையில் இருக்கிறவர்களின் வெள்ளை வேட்டி மட்டும் நீலமாக ஜொலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேட்டியின் இயற்கை நிறம் அல்ல. சலவைப் பவுடர்களிலும், புதுத் துணியில் மில்லிலேயே ஏற்றிவிடும் ரசாயனங்களிலும் 'பளிச்' கொடுக்கும் ஒளிர்பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, அதை நீல ஊதா ஒளியாகத் திருப்பி விடுகிறது. துணி அழுக்கு மறைந்து வெள்ளையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

நமக்கு அது வெறும் பளிச். வாத்தின் நான்காவது கூம்புக்கு மிகவும் பிடித்த ஒளியோ கிட்டத்தட்ட அதே ஊதாப் பகுதியில்தான் இருக்கிறது. பச்சையும் பழுப்புமான கோரைப் புல் நடுவே அந்தச் சட்டை ஒரு டியூப் லைட் மாதிரி. வெள்ளைத் துணி என்று இல்லை, வெளிர் நிறச் சட்டைகளிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கும். நிறம் சரியாக இருக்கும் காக்கிச் சட்டையைக்கூட ஒளிர்பொருள் உள்ள பவுடரில் தொடர்ந்து துவைத்தால் மெல்ல மெல்ல ஒளிர ஆரம்பிக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கடைகளில் நோட்டு சரிபார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டில் சட்டை மேல் அடியுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அது ஏரிக்கு ஆகாது. நல்ல ரூபாய் நோட்டின் தாளில் இந்த ஒளிர்பொருள் கிடையாது, சாதாரண வெள்ளைத் தாளில் உண்டு. நோட்டைப் பரிசோதிக்கிற தந்திரமே இதுதான். பாட்டி காலத்துப் பூந்திக்கொட்டையில் துவைத்தால் இந்தத் தொல்லை வராது. சொட்டு நீலம் வேறு விஷயம். அது வெறும் சாயம்.

பானைக்குள் தலை வைத்தவர்கள்

ஒளிந்துகொள்வது என்றால் இலை அச்சிட்ட ஜாக்கெட்தான் நினைவுக்கு வரும். அது ரொம்பப் புதுசு. மண் நிறத் துணியைச் சீருடையாக்கும் பழக்கம் 1840-களின் பிற்பகுதியில் பெஷாவர் பக்கம், ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய கைட்ஸ் படையில் தொடங்கியது. 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மண், புழுதி என்று பொருள். அதிலிருந்துதான் காக்கி. பிரிட்டிஷ் ஷிகாரிகளின் உடுப்பாகவும் பிறகு அதுவே ஆனது.

ஆனால், இந்திய ஏரிகளில் வாத்துப் பிடித்தவர்களின் பழைய தந்திரத்துக்கு உடுப்பே தேவைப்படவில்லை. ஒரு மண்பானை போதும். சில நாளுக்கு முன்பே வெறும் பானைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிடுவார்கள். முதல் நாள் வாத்து விலகிப் போகும். பிறகு பழகிவிடும். அப்புறம் ஒரு நாள், துளை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் மெதுவாக நடந்து போவார். பானை மிதந்து வருவதாக வாத்து நினைக்கும். பக்கத்தில் வந்ததும், தண்ணீருக்கடியில் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வாத்தின் கண்ணிலிருந்து முழுசாக மறைய முடியாது. 360 டிகிரி பார்க்கிற கண்ணுக்குப் பானை தெரியத்தான் செய்தது. 'இது ஆபத்து இல்லை' என்று அது ஏற்கெனவே முடிவு செய்திருந்தது, அவ்வளவுதான். பழகிய உருவம், நீரோட்டத்தின் வேகம், மனித வடிவம் இல்லாமை. இந்த மூன்றும் இருந்தால் நிறம் இரண்டாம்பட்சம். எருமை மேய்க்கிறவரைப் பக்கத்தில் விடும் கூட்டம், ஜீன்ஸ் போட்ட நம்மைப் பார்த்ததும் எழும்புவதற்கும் இதுதான் காரணம். அவர் தினம் வருகிறார், ஒரே நடையில் போகிறார், வாத்தை உற்றுப் பார்ப்பதில்லை.

சரி, என்ன டிரஸ் போடலாம்?

நவம்பர், டிசம்பரில் கழுவெளி பச்சை. கோரையும் நாணலும் தளதளவென்று நிற்கும். மங்கிய பச்சை, ஆலிவ் நிறம் பொருந்தும். பிப்ரவரியில் புல் காய்ந்து கரை வைக்கோல் நிறமாகிவிடும். அப்போது காக்கி, மண் பழுப்பு. உப்பளப் பக்கம் என்றால் சாம்பல். பழசாகி வெளுத்துப்போன பருத்திச் சட்டைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. செலவே இல்லை.

ஒரே நிறத்தில் மேலும் கீழும் போடுவதைவிட இரண்டு மங்கல் நிறங்களாகப் போடுவது நல்லது. மனித உருவத்தின் கோடு உடையும். ராணுவச் சீருடையைப் போன்ற அச்சு உள்ள துணி வேண்டாம். கரையோர ஊர்க்காரர்களுக்கும் வனத்துறைக்கும் வீண் சந்தேகம் வரும்.

தலைக்கு அகலமான தொப்பி அவசியம். இறங்குவதற்கு முன்பு வாத்துக் கூட்டம் ஏரியை இரண்டு, மூன்று முறை சுற்றும். அப்போது அண்ணாந்து பார்க்கிற முகம், வியர்வையில் மினுமினுக்கும் நெற்றியோடு, மேலிருந்து பளிச்சென்று தெரியும். கூட்டம் சுற்றும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். இறங்கியபின் பாருங்கள்.

மினுங்கும் சாமான்களை மறந்துவிடாதீர்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், கண்ணாடி போலப் பளபளக்கும் கூலிங் கிளாஸ், கடிகாரம், மொபைலின் பின்பக்கம் எல்லாம் வெயிலில் சிக்னல் விளக்குகள். புடவை கட்டினால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவுக்கு ஒரு முடிச்சு. வெயிலுக்குக் குடை வேண்டுமென்றால் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். சட்டென்று விரியும் குடையைப் பார்த்து எந்த வாத்தும் சும்மா உட்கார்ந்திருக்காது.

உடையைவிட முக்கியமான நாலு விஷயம்

கரை உச்சியில் நிற்காதீர்கள். பின்னால் வானம் மட்டும் இருந்தால் என்ன நிறம் போட்டாலும் நீங்கள் ஒரு கறுப்புப் பொம்மைதான். கரைக்குக் கொஞ்சம் கீழே, பனை மரத்தையோ புதரையோ முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள்.

தலை தண்ணீரில் இருக்கும்போது நகருங்கள். அலகை மட்டும் நனைத்து மேயும் வாத்துக்குக் கண் வெளியே இருக்கும். வாலைத் தூக்கித் தலைகீழாகக் கவிழும்போது கண் தண்ணீருக்குள் போய்விடும். பெரும்பாலானவை கவிழ்ந்து மேயும் நேரத்தில் இரண்டு அடி எடுத்து வையுங்கள். ஒரு தலை நிமிர்ந்தாலும் சிலையாகிவிடுங்கள்.

நேராக அதை நோக்கிப் போகாதீர்கள். சாய்வாக, வேறு எங்கோ போகிறவர்போல நடங்கள். காரில் இருந்தால் இறங்கவே வேண்டாம். தினம் வண்டி போகும் ரோட்டோரம் கார் என்பது வாத்துக்குப் பழகிய பானை மாதிரி. கதவைத் திறந்து இரண்டு காலோடு இறங்கினால்தான் ஆபத்து.

கூட்டமெல்லாம் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் பார்க்க ஆரம்பித்தால், அது கடைசி எச்சரிக்கை. அதோடு நில்லுங்கள். முடிந்தால் பின்வாங்குங்கள்.

ஒரு போட்டோவின் விலை

'பறந்தா என்ன, திரும்ப உட்காரும்ல?' என்று கேட்கலாம். நீலச்சிறகி, சராசரியாக அரைக் கிலோகூட எடை இல்லாத பறவை. இமயமலையைத் தாண்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருவது தின்று கொழுப்பு சேர்த்துக்கொள்ளத்தான். மார்ச் வாக்கில் திரும்பிப் போவதற்கான பெட்ரோல் அது. ஒவ்வொரு முறை நாம் கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எரிகிறது, மேய்ச்சல் நேரமும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் குழு வந்தால் பத்து முறை.

பதுங்கும் கலையை இன்னமும் வேறு விஷயத்துக்குப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கி, வலை, கண்ணி எதுவாக இருந்தாலும் அது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட உரிமம் வாங்கிச் சில வகை வேட்டைக்கு இடமிருந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடு கலைப்பதும் முட்டை எடுப்பதும்கூட இந்தச் சட்டத்தில் வேட்டைதான். 'காட்டு வாத்துக் கறி' என்று ரோட்டோரத்தில் யாராவது கூப்பிட்டால், வாங்காமல் வருவதோடு வனத்துறைக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் மேலும் வழக்கு வரும்.

ஒரே கண்ணைத்தான் இரண்டு தரப்பும் ஏமாற்றப் பார்க்கிறது. வேட்டைக்காரர் பதுங்குவது பறவை தெரியாமல் சாக வேண்டும் என்பதற்காக. நாம் பதுங்குவது, நாம் வந்து போனதே தெரியாமல் அது நிம்மதியாக மேய வேண்டும் என்பதற்காக. நீங்கள் எழுந்து கிளம்பிய பிறகும் கூட்டம் அதே இடத்தில் அலகை நனைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்குப் போட்ட டிரஸ் சரி என்று அர்த்தம்.